பஸருக்கு முன்பே முடிவாகிவிடும் போட்டி

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் மாணவியரின் எண்ணிக்கை மாணவர்களின் எண்ணிக்கையைக் கடந்து சுமார் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்று அங்கே உயர்கல்வி பயிலும் நூறு பேரில் ஏறத்தாழ 57 பேர் பெண்கள். மருத்துவம், சட்டம், உயிரியல், வரலாறு, மொழியியல் என்று எந்த வகுப்பறையை எடுத்துக்கொண்டாலும் பெண்கள் சரிபாதியாகவோ அதற்கு மேலாகவோ அமர்ந்திருக்கிறார்கள். ஆனால், அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அறிவுக்கூர்மையைப் பொதுமக்கள் வாரந்தோறும் தொலைக்காட்சியில் பார்த்து வியக்கும் ஒரே மேடையான 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' வினாடி வினாவில் மட்டும் அந்தப் பெரும்பான்மை கரைந்துபோகிறது. 2017ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியும் கேம்பிரிட்ஜின் உல்ஃப்சன் கல்லூரியும் மோதின. மேசைகளில் அமர்ந்திருந்த எட்டுப் பேரும் ஆண்கள். 2019இல் வென்ற எடின்பரோ, 2020இல் வென்ற இம்பீரியல், 2021இல் வென்ற வாரிக் ஆகிய மூன்று அணிகளின் பன்னிரண்டு இருக்கைகளிலும் ஒரு பெண்கூட இல்லை. 2023இல் வென்ற டர்ஹம் அணியின் நால்வரில் இருவர் பெண்கள் என்பது செய்தியாகத் தோன்றுகிறது என்றால், மற்ற ஆண்டுகளின் நிலை என்னவென்பதை அதுவே சொல்லிவிடும்.

இதை ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியின் சிறு குறையாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. அறிவாளி என்றால் எப்படி இருப்பார், எந்தக் குரலில் பேசுவார், எவ்வளவு வேகத்தில் விடை சொல்வார் என்ற படிமத்தை ஒரு சமூகத்தின் மனத்தில் பதிக்கும் ஆற்றல், பள்ளிப் பாடநூலைவிட இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு அதிகம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வடிவத்தில் நடந்துவரும் நிகழ்ச்சி என்பதால், இந்தப் படிமம் மூன்று தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பப் பதிந்துவருகிறது. இந்த மேடையில் பெண்கள் குறைவதற்கான காரணத்தைப் பலரும் போட்டி நடக்கும் அரங்கில் தேடுகிறார்கள். அது அங்கே இல்லை. அணி உருவாகும் இடத்தில், ஒளிப்படக் கருவி இன்னும் வந்துசேராத கல்லூரி அறையில் இருக்கிறது.

போட்டியின் விதிகளை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில், வாதத்தின் பெரும்பகுதி அவற்றுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வோர் அணியிலும் நான்கு பேர். அவர்களில் ஒருவர் தலைவர். முதலில் வருவது 'ஸ்டார்ட்டர்' எனப்படும் தொடக்கக் கேள்வி. எட்டுப் பேரில் எவரும் தம் முன்னுள்ள பஸரை அழுத்தித் தனியாக விடை சொல்லலாம், சக அணியினருடன் கலந்துபேசக் கூடாது. சரியான விடைக்கு 10 மதிப்பெண். சரியாகச் சொன்ன அணிக்கு ஒரே பொருளில் அமைந்த மூன்று போனஸ் கேள்விகள் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண், இவற்றுக்கு நால்வரும் கூடிப் பேசி விடை சொல்லலாம். கேள்வியை முழுவதும் படித்து முடிப்பதற்குள் இடைமறித்துத் தவறான விடை சொன்னால் 5 மதிப்பெண் குறையும். முழுக் கேள்வியையும் கேட்ட பிறகு தவறினால் இழப்பு இல்லை. ஆக, ஆட்டத்தின் கதவு தொடக்கக் கேள்விதான். அதைத் திறக்காத அணிக்குப் போனஸ் கிடையாது. அந்தக் கதவைத் திறப்பதற்கு அறிவுடன் இன்னொன்றும் தேவைப்படுகிறது: பாதி கேட்டவுடனே, பாதி நிச்சயத்தோடு, லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் பஸரை அழுத்தும் துணிவு.

இந்த வடிவம் பிரிட்டனில் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1953இல் வானொலியிலும் 1959இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய 'காலேஜ் பவுல்' என்ற போட்டியைப் பின்பற்றி, கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் 1962 செப்டம்பரில் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. பேம்பர் காஸ்கோய்ன் 1987 வரை அதை நடத்தினார். சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1994இல் பிபிசி அதை மீட்டெடுத்தபோது ஜெரமி பேக்ஸ்மன் பொறுப்பேற்று 2023 வரை தொடர்ந்தார். இப்போது நடத்துபவர் கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன். கேள்வி கேட்கும் நாற்காலியில் இதுவரை அமர்ந்த மூவரும் ஆண்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க முன்னோடியின் வரலாற்றில் இந்த விவாதத்துக்கு மிகவும் பொருத்தமான ஒரு நிகழ்வு உண்டு. 1966 மார்ச் மாதத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகேட்டர் நகரிலுள்ள ஆக்னெஸ் ஸ்காட் என்ற சிறிய மகளிர் கல்லூரி, அப்போது ஆண்கள் மட்டுமே பயின்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை 220க்கு 215 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடியும் கடைசி நொடியில் விடை சொல்லி வெற்றியைத் தேடித் தந்தவர் பார்வையற்ற மாணவி ஒருவர். நான்கு இருக்கைகளும் பெண்களுக்கென்றே இருந்த அந்த அணியில், 'யார் பஸரை அழுத்துவது' என்ற தயக்கத்துக்கோ 'இந்த இடம் நமக்குரியதா' என்ற கேள்விக்கோ வேலையே இருக்கவில்லை. அவ்வாறான சூழலில் பெண்களின் வேகம் எங்கும் குறைந்துவிடவில்லை என்பதற்கு அந்த ஐந்து மதிப்பெண் வித்தியாசம் சான்று.

பிரிட்டனிலும் தொடக்க ஆண்டுகளின் நிலை ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளங்கலை பயில்வதற்குக் கல்லூரிகள் ஆண்களுக்கெனவும் பெண்களுக்கெனவும் தனித்தனியே பிரிந்திருந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் சோமர்வில், லேடி மார்கரெட் ஹால், செயின்ட் ஹியூஸ், செயின்ட் ஹில்டாஸ், செயின்ட் ஆன்ஸ் ஆகிய ஐந்தும் கேம்பிரிட்ஜில் கர்ட்டன், நியூன்ஹம், நியூ ஹால் ஆகிய மூன்றும் மட்டுமே மகளிர் கல்லூரிகள். மற்றவை பெண்களைச் சேர்க்காதவை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948இல்தான். அங்கே சர்ச்சில், கிளேர், கிங்ஸ் ஆகிய மூன்று ஆண்கள் கல்லூரிகள் 1972இல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ஐந்து கல்லூரிகள் 1974இல் அவ்வாறு செய்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரி 1985 வரையும் கேம்பிரிட்ஜின் மாக்டலின் கல்லூரி 1988 வரையும் காத்திருந்தன. இந்த இரு பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் தனித்தனி அணிகளாகக் கலந்துகொள்ளும் வழக்கம் நிகழ்ச்சியின் முதல் தொடரிலிருந்தே இருப்பதால், முதல் பத்தாண்டுகளில் திரையில் வந்த பல அணிகளில் பெண் இல்லாததற்குக் காரணம் சட்டப்படியான தடையே.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிரிவினை நிலவிய அந்தக் காலத்தில் மகளிர் கல்லூரி ஒன்று தேர்வானால் நான்கு பெண்கள் உரிமையோடு திரையில் அமர்ந்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான மிரியம் மார்கலிஸ் 1963இல் நியூன்ஹம் அணியில் அப்படித்தான் அமர்ந்தார். கல்லூரிகள் இருபாலருக்கும் பொதுவானபோது, ஆண்கள் கல்லூரிகளின் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன; ஆனால், அணியின் இருக்கைகள் அதே வேகத்தில் திறக்கவில்லை. நான்கு பெண்கள் கொண்ட அணி அரிதாகிவிட்டது; நான்கு ஆண்கள் கொண்ட அணியோ இயல்பானதாகவே தொடர்ந்தது. இதைச் சொல்வதால் பழைய பிரிவினை மேலானது என்றாகிவிடாது. சேர்க்கை விதியை மாற்றினால் மட்டும் போதும், மற்றவை தாமாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் பொய்த்துப்போனது என்பதே இதன் பொருள்.

பெண்களுக்கு வினாடி வினாவில் நாட்டமில்லை என்ற எளிய விளக்கத்தை அதே பிரிட்டனின் இன்னொரு நிகழ்ச்சி மறுக்கிறது. பிபிசி 1972இல் தொடங்கிய 'மாஸ்டர்மைண்ட்' போட்டியில் பங்கேற்பவர் தன்னந்தனியாகக் கறுப்பு நாற்காலியில் அமர்ந்து, தாம் தேர்ந்த ஒரு பொருளிலும் பொது அறிவிலும் தொடர் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். கேள்வி நேரம் முழுதும் அவருக்கே உரியது, அவரை முந்திக்கொண்டு வேறெவரும் பஸர் அழுத்த முடியாது. 1972, 1973, 1974 ஆகிய முதல் மூன்று ஆண்டுகளிலும் பட்டம் வென்றவர்கள் பெண்கள்: நான்சி வில்கின்சன், பட்ரீசியா ஓவன், எலிசபெத் ஹாரக்ஸ். பிற்காலத்தில் அந்தப் பட்டியலிலும் ஆண்களே மிகுந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், விண்ணப்பிப்பவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து, அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கும் ஒரு வடிவத்தில் பெண்கள் முதல் நாளிலிருந்தே முன்னணியில் நின்றார்கள் என்ற உண்மை, குறை ஆர்வத்தில் இல்லை என்பதைக் காட்டப் போதுமானது. 'யார் கோடீசுவரர் ஆக விரும்புகிறார்' என்ற பொருள்படும் பிரிட்டானிய நிகழ்ச்சியில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் பத்து லட்சம் பவுண்டை முதன்முதலாக வென்றவரும் ஜூடித் கெப்பல் என்ற பெண்மணியே.

அப்படியானால் மாணவர் அணிகளில் பெண்கள் எந்த இடத்தில் உதிர்கிறார்கள்? அணி உருவாகும் விதத்தைப் பார்த்தால் விடை புலப்படும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அல்லது கல்லூரியிலும் மாணவர் ஒன்றியமோ வினாடி வினா மன்றமோ அறிவிப்பு வெளியிட்டு, ஆர்வமுள்ளவர்களை அழைத்து, ஒரு முன்தேர்வு வைத்து, நால்வரையும் ஒரு மாற்று உறுப்பினரையும் தெரிவுசெய்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இவ்வாறு விண்ணப்பிக்க, தயாரிப்புக் குழு அவற்றை நேரில் சந்தித்து, ஒரு வினாத்தாளும் கொடுத்துப் பார்த்து, இறுதியில் 28 அணிகளைத் திரைக்குத் தேர்ந்தெடுக்கிறது. தயாரிப்புக் குழுவின் கண்ணுக்கு வருவது முழு அணிகளே. அந்த அணிகளுக்கு வெளியே நின்றுவிட்டவர்களை அது காண்பதே இல்லை. முதல் சல்லடை கல்லூரி மன்றத்தின் கையில் இருக்கிறது. அந்தச் சல்லடைக்கும் முன்னால், 'எனக்கு இந்தத் தேர்வுக்குப் போகும் தகுதி உண்டா' என்று ஒவ்வொரு மாணவியும் தனக்குள் கேட்டுக்கொள்ளும் இன்னொரு சல்லடை இருக்கிறது. மிகவும் நுண்ணிய கண்களைக் கொண்டது அதுதான்.

இந்த உட்சல்லடையைப் பற்றிப் பொருளியலாளர்கள் கவனமான சோதனைகள் நடத்தியிருக்கிறார்கள். மியூரியல் நீடர்லே, லிஸ் வெஸ்டர்லுண்ட் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் முதன்மையானது. இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களுமாக நால்வர் கொண்ட குழுக்களை அமைத்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை கூட்டல் கணக்குகளைச் சரியாகப் போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். திறனில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. பிறகு, ஒவ்வொரு சரியான விடைக்கும் நிலையான சிறு ஊதியம் வேண்டுமா, அல்லது குழுவில் முதலிடம் பெறுபவருக்கு மட்டும் பெரிய ஊதியம் தரும் போட்டி முறை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஆண்களில் 73 விழுக்காட்டினர் போட்டியைத் தேர்ந்தார்கள். பெண்களில் 35 விழுக்காட்டினரே தேர்ந்தார்கள். திறன் குறைந்த ஆண்கள் தேவைக்கு மேல் போட்டியில் இறங்கினார்கள், திறன் மிகுந்த பெண்கள் தேவைக்குக் குறைவாக இறங்கினார்கள் என்பதே அந்த ஆய்வின் ஆழமான பகுதி. கல்லூரி முன்தேர்வுக்கு வருபவர்களை மட்டும் வைத்து அணியை அமைக்கும் மன்றம், ஆகச் சிறந்த நால்வரைத் தேர்ந்துவிட்டதாக நம்பலாம்; உண்மையில் அது, வந்தவர்களுள் சிறந்த நால்வரைத்தான் தேர்ந்திருக்கிறது.

பஸரைப் பொறுத்தவரை இன்னும் நெருக்கமான சான்று உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும் தேர்வுகளில் ஊகித்து விடை எழுதும் துணிவைப் பற்றிக் கேத்தரின் பால்டிகா 2014இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுக் கேள்விகள் பயன்படுத்தப்பட்டன. தவறுக்குத் தண்டனை இல்லாதபோது எல்லாரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதினார்கள்; தண்டனை வந்தவுடன் பெண்கள் ஆண்களைவிட அதிகக் கேள்விகளை விட்டுவிட்டார்கள், அதனால் ஒரே அளவு தெரிந்திருந்தும் அவர்களின் மதிப்பெண் குறைந்தது. சிலி நாட்டின் உயர்கல்வி நுழைவுத் தேர்வில் அத்தகைய தண்டனை நீக்கப்பட்டபோது, விடப்படும் கேள்விகளில் ஆண், பெண் இடைவெளி பெருமளவு குறைந்தது என்று பின்னர் வந்த ஆய்வும் உறுதிசெய்தது. விதியில் ஒரு சிறு மாற்றம் நடத்தையை மாற்றிவிடுகிறது என்றால், அந்த நடத்தையைப் பெண் இயல்பு என்று பெயரிடுவது அறிவியலாகாது.

இயல்பு என்ற வாதத்தை முற்றிலும் அசைத்துவிடும் ஆய்வு இந்திய மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. உரி நீஸி, கென்னத் லெனர்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஆணாதிக்கம் மிகுந்த தான்சானியாவின் மாசாய் சமூகத்தையும், தாய்வழி மரபில் சொத்தும் குடிப்பெயரும் இறங்கும் மேகாலயாவின் காசி சமூகத்தையும் எடுத்துக்கொண்டு, பந்தை வாளிக்குள் எறியும் எளிய பணியில் போட்டி முறையைத் தேர்வோர் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். மாசாய் ஆண்களில் 50 விழுக்காட்டினரும் பெண்களில் 26 விழுக்காட்டினரும் போட்டியைத் தேர்ந்தார்கள். காசி சமூகத்திலோ ஆண்களில் 39 விழுக்காட்டினரே தேர, பெண்களில் 54 விழுக்காட்டினர் போட்டியை விரும்பினார்கள். குடும்பத்தில் மகளின் சொல்லுக்கு எடை உள்ள ஊரில் அவள் கை முந்துகிறது. பஸர் மேசையில் தயங்கும் விரலுக்குப் பின்னால் இருப்பது ஒரு சமூகத்தின் நெடுங்காலப் பழக்கம்.

கேள்விகளின் உள்ளடக்கத்துக்கும் இதில் பங்குண்டு. வினாடி வினாவுக்கு எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் இருக்கிறது: அரசர்கள், போர்கள், பிரதமர்கள், இசையமைப்பாளர்கள், நோபல் பரிசுகள், ஓவியங்கள். கடந்த நூற்றாண்டுகளில் இந்தக் களங்களில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்ததால், இவற்றிலிருந்து எடுக்கப்படும் கேள்விகளின் விடைகளும் ஆண்களின் பெயர்களாகவே அமைகின்றன. இயற்பியல் நோபல் பரிசை இதுவரை வென்ற பெண்கள் மேரி கியூரி, மரியா கோப்பர்ட் மேயர், டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஆண்ட்ரியா கெஸ், ஆன் லூலியே ஆகிய ஐவர்தாம். 1967இல் பல்சர் எனப்படும் துடிப்பு விண்மீனின் குறிகையை முதலில் கண்டவர் ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி. அதற்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய வழிகாட்டியான ஆண்டனி ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 'அந்த ஆண்டின் இயற்பியல் பரிசு யாருக்கு' என்று கேட்டால் விடையில் இரண்டு ஆண்கள். 'பல்சரை முதலில் கண்டவர் யார்' என்று கேட்டால் விடையில் ஒரு பெண். அறிவியல் செய்தி ஒன்றுதான். கேள்வி எழுதுபவர் எந்த முனையிலிருந்து அதைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து வரலாறு மாறிவிடுகிறது. கேள்விகளில் ஆண்களின் பெயர்களே மிகுந்திருப்பதாகப் பார்வையாளர் தரப்பிலிருந்து எழுந்த குறையை ஏற்று, கேள்விகளில் பாலினச் சமநிலைக்கு முயல்வதாக 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' தயாரிப்பாளர்கள் 2018இல் அறிவித்தார்கள். இது நல்ல நடவடிக்கை. ஆனால், அது பஸருக்குப் பிந்தைய நடவடிக்கை.

தடைகளையெல்லாம் கடந்து திரைக்கு வந்த பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அடுத்த ஆண்டின் மாணவியர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2009இல் ஆக்ஸ்ஃபோர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி அணிக்குத் தலைமை தாங்கிய கெயில் டிரிம்பிள், லத்தீன் இலக்கியத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர்; அந்தத் தொடரில் தம் அணி ஈட்டிய மதிப்பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தனியொருவராகச் சேர்த்தார். இறுதிப் போட்டியில் மான்செஸ்டரை 275க்கு 190 என்று அவருடைய அணி வென்றது. 'மனித கூகுள்' என்று செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டிய அதே நாள்களில், அவருடைய தோற்றத்தையும் சிரிப்பையும் பேசும் விதத்தையும் பற்றி இணையத்தில் இழிவான சொற்கள் குவிந்தன. ஆண்களுக்கான கவர்ச்சி இதழ் ஒன்று படமெடுக்க அனுமதி கேட்டு அவருடைய சகோதரரை அணுகியது. டிரிம்பிள் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் செவ்வியல் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரானார். அவருக்கு இந்த இழிமொழிகளால் நிலையான தீங்கு நேரவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், நன்றாக விளையாடினால் முகமும் உடலும் பொதுவிவாதத்துக்கு வரும் என்ற செய்தி நாட்டின் ஒவ்வொரு மாணவியர் விடுதிக்கும் போய்ச்சேர்ந்தது. 2016இல் கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் அணிக்குத் தலைமை தாங்கி வெற்றி பெற்றுத் தந்த ஹன்னா ரோஸ் உட்ஸும் இத்தகைய பார்வையிலிருந்து தப்பவில்லை. அந்த அணியின் நால்வரில் அவர் ஒருவரே பெண். ஆண் போட்டியாளர்களின் விசித்திரங்களைப் பார்வையாளர்கள் அன்போடு கொண்டாடுவதும், பெண் போட்டியாளரின் சாதாரண முகபாவத்தையும் குற்றமாக எண்ணுவதும் ஒரே திரையின் முன்னால் நடப்பது வேதனைக்குரியது. இதைச் சகித்துக்கொள்ளத் தயாராக இருப்பதே பெண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கூடுதல் தகுதியாகிவிட்டது.

தகுதி என்ற சொல்லைச் சொல்லித்தான் பெரும்பாலான சீர்திருத்தங்கள் தடுக்கப்படுகின்றன என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முன்தேர்வில் முதல் நான்கு மதிப்பெண் பெற்றவர்களை அப்படியே அணியாக்குவதே நியாயம், பாலினம் பார்ப்பது தகுதியைக் குலைக்கும் என்பது அந்த வாதம். ஆனால், நால்வர் அணியின் வலிமை நால்வருடைய மதிப்பெண்களின் கூட்டுத்தொகை அன்று. ஐரோப்பியப் போர்களையும் நாடுகளின் தலைநகரங்களையும் கரைத்துக் குடித்த நால்வர் ஒரே மேசையில் அமர்ந்தால், அவர்கள் நால்வருக்கும் தெரிந்தது ஒன்றே, தெரியாததும் ஒன்றே. ஒரே கேள்விக்கு நான்கு விரல்கள் போட்டியிடும், அடுத்த கேள்விக்கு ஒரு விரலும் அசையாது. போனஸ் கேள்விகள் கலந்துபேசுவதற்காகவே அமைந்தவை. அங்கே பயன்படுவது வெவ்வேறு வாசிப்பும் வெவ்வேறு வாழ்க்கையும் கொண்டவர்களின் கூட்டு. தனித்தேர்வில் ஐந்தாவதாகவோ ஏழாவதாகவோ வந்த ஒருவர், மற்ற மூவருக்கும் தெரியாத களங்களை அறிந்தவராக இருந்தால், அவரைச் சேர்த்த அணியே வலிமையானது. வினாடி வினாவில் பழகிய எந்தத் தலைவருக்கும் இது தெரியும். 2018இன் இறுதிப் போட்டியில் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ், ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் ஆகிய இரண்டு அணிகளிலும் தலா ஒரு பெண் இருந்தார். வென்ற செயின்ட் ஜான்ஸ் அணியின் தூணாக விளங்கியவர்களில் ரோஸி மெக்கியோன் முதன்மையானவர். 2024இல் இம்பீரியல் கல்லூரி ஐந்தாவது முறையாகப் பட்டம் வென்றபோது அதற்குத் தலைமை தாங்கியவர் சுரையா ஹதாத். இவர்களை விதிவிலக்குகளாகப் பார்ப்பதைவிட, இவர்களைப் போல முன்தேர்வுக்கு வராமலே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே முறையான கணக்கு.

அணியைத் தேர்வது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு, நிகழ்ச்சியின் கையில் எதுவுமில்லை என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அணி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த நிகழ்ச்சி ஏற்கெனவே கண்டிப்பான நிபந்தனைகளை விதித்துவருகிறது. 2009இல் வென்ற கார்ப்பஸ் கிறிஸ்டி அணியில் ஒருவர் தொடர் முடியும் முன்பே மாணவர் என்ற நிலையை இழந்துவிட்டார் என்று தெரியவந்தவுடன், ஒளிபரப்பாகிவிட்ட வெற்றியையே ரத்துசெய்து பட்டத்தை மான்செஸ்டருக்கு வழங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தொடருக்கு ஐந்து கல்லூரிகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்ற வரம்பும் உள்ளது. அந்த இரு பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் கல்லூரிதோறும் அணி அனுப்பும் சலுகை ஏன் என்று கேட்டு 1975இல் மான்செஸ்டர் அணி, எந்தக் கேள்விக்கும் மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, சே குவேரா என்று மட்டும் விடை சொல்லி எதிர்ப்பைப் பதிவுசெய்தது. பின்னாளில் பத்திரிகையாளரான டேவிட் ஆரோனோவிச் அந்த நால்வரில் ஒருவர். யார் யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறார்கள் என்ற கேள்வி அப்போதே அந்த மேடையில் எழுந்துவிட்டது. மாணவர் நிலையையும் கல்லூரிகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தும் உரிமை உள்ள ஓர் அமைப்புக்கு, தேர்வு நடக்கும் முறையைக் கட்டுப்படுத்தும் உரிமை இல்லாமல் போகாது.

இதற்கு இருக்கை ஒதுக்கீடுதான் வேண்டுமென்பதில்லை. விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துவழியில் பொது முன்தேர்வு நடத்தியிருக்க வேண்டும், அதை வினாடி வினா மன்றத்தின் உறுப்பினர்களுக்குள் சுருக்காமல் எல்லா மாணவர்களுக்கும் அனுப்பியிருக்க வேண்டும், தேர்வு எழுதியவர்களில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் போதும். தாமாக முன்வந்து பெயர் கொடுக்கும் முறையில் உட்சல்லடை வேலை செய்கிறது. எல்லாருடைய கையிலும் வினாத்தாள் வந்துசேரும் முறையில் அதன் வலிமை குறைகிறது. அதோடு, முன்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். இடைமறித்து அழுத்தும் துணிவு பயிற்சியில் வரக்கூடியது, அறிவு அப்படி ஆறு வாரத்தில் வந்துவிடாது. முன்தேர்வில் அறிவை அளந்துவிட்டு, அணியில் சேர்ந்த பிறகு பஸர் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதே பொருத்தமான வரிசை. போட்டியாளர்கள் மீதான இழிமொழிகளைத் தன் சமூக ஊடகப் பக்கங்களிலாவது நீக்குவது ஒளிபரப்பு நிறுவனத்தின் நேரடிக் கடமை. அதற்குக் கல்லூரிகளின் ஒத்துழைப்புகூடத் தேவையில்லை.

இந்த விவாதம் இந்தியாவுக்கு அயலானதன்று. 1985இல் தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' நடத்தி ஒரு தலைமுறைக்கே வினாடி வினா ஆர்வத்தை ஊட்டிய சித்தார்த்த பாசு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிபிசி வேர்ல்டு தொலைக்காட்சிக்காக 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' நிகழ்ச்சியின் இந்தியப் பதிப்பையும் நடத்தினார். இங்கேயும் கல்லூரி வினாடி வினாவின் கோட்டைகளாக விளங்கிவருபவை பொறியியல் கல்லூரிகள். அவற்றிலும் முதன்மையான ஐஐடிகளில் மாணவியரின் பங்கு மிகக் குறைந்திருந்ததால், 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, ஒருவருடைய இடத்தையும் குறைக்காமல் அந்தப் பங்கை 20 விழுக்காட்டை நோக்கி உயர்த்தினார்கள். நுழைவாயிலில் செய்த மாற்றம் வகுப்பறையின் தோற்றத்தை மாற்றியது. வகுப்பறைக்குள் வந்துவிட்ட அந்த மாணவியர் வினாடி வினா மன்றத்தின் அறைக்குள்ளும் வர வேண்டுமானால், அந்த அறையின் அறிவிப்பு எங்கே ஒட்டப்படுகிறது, யார் யாரைத் தோளில் தட்டி அழைத்துப் போகிறார், கூட்டம் இரவு எத்தனை மணிக்கு நடக்கிறது, அந்த நேரத்தில் மாணவியர் விடுதியின் கதவு திறந்திருக்கிறதா என்பன போன்ற மிகச் சாதாரணமான கேள்விகளைக் கல்லூரிகள் இந்த ஆண்டே கேட்டுப் பார்க்கலாம்.